இரண்டு கலன் பிள்ளையார்

நான் வேலை பார்த்த அகழ்வாய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் இப்போது ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். தோண்டும் இடத்தில் கிடைக்கும் எதைப் பற்றியும், பொறுப்பாளரின் சம்மதம் இல்லாமல், எந்த மொழியிலும் எழுதக் கூடாது. "எந்த மொழியிலும்" என்ற இடத்தில் இளையவர்கள் விழிக்கிறார்கள், பழையவர்கள் சிரிக்கிறார்கள். சென்ற மாதம் அங்கே சேர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை என்னைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அங்கிள், அந்த ரூல் உங்களாலதான் வந்ததெண்டு சொல்லினம். இஸ் இட் ட்ரூ?"

"ஓம் பிள்ளை."

"ஓ மை காட். அப்ப அந்தப் பிள்ளையார் பானைக் கதை உண்மையோ?"

"பானை உண்மை. பிள்ளையார்தான் என்ர வேலை."

அவளோடு பேசியதில் கதை பல வடிவங்களில் உலாவுவது தெரிந்தது. ஒன்றில் நான் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேனாம். இன்னொன்றில் பொலிஸ் வந்ததாம். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இவற்றைவிட வெட்கக்கேடானது. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் விலங்கியல் ஆசிரியர். தவளை அறுத்துக் காட்டிய கையோடு கனடா வந்தேன். ரொறன்ரோவில் யாருக்கும் தவளை அறுக்கும் தேவை இருக்கவில்லை. சில காலம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். பிறகு, நாள் முழுக்க முழங்காலில் நிற்கக்கூடிய ஆட்கள் தேவை என்று ஒரு விளம்பரம் கண்டேன். என் மனைவி பவளம் அதைக் கேட்டுவிட்டு, "சேர்ச்சில செபம் சொல்லுற வேலையோ?" என்றாள்.

சேர்ச் வேலை அல்ல. இங்கே ஒரு வயலில் வீடுகள் கட்டுவதற்கு முன், அந்த மண்ணுக்குள் பழையது ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். மார்க்கம், றிச்மண்ட் ஹில் பக்கத்து வயல்களில் கிடப்பது பெரும்பாலும் விக்டோரியா மகாராணி காலத்தில் பயிர் செய்த கமக்காரர்களின் வீடுகள். நீலப் பூப்போட்ட தட்டு உடைசல், புகை பிடிக்கும் களிமண் சுங்கான், எலும்புப் பொத்தான், தலை மட்டும் மிஞ்சிய பொம்மை. மண்வெட்டியைத் தட்டையாகப் பிடிக்கவும், கொத்தனார் கையில் இருப்பது போன்ற சாந்தகப்பையால் மண்ணைச் சீவவும், சீவியதை அரிதட்டில் போட்டு ஆட்டவும் பழகினேன். பழகி முடியச் சில வருடங்கள் ஆயின. முழங்கால்கள் ஒருபோதும் பழகவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் முதலில் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு மிகவும் விருப்பமான இடம் கக்கூஸ் குழி. விக்டோரியா காலத்துக் குடும்பம் ஒன்று எதையாவது ஒளிக்க வேண்டும், உடைந்ததை எறிய வேண்டும் என்றால் வீட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் குழிக்குள்தான் போடும். கணவனுக்குத் தெரியாமல் உடைத்த தட்டு, மனைவிக்குத் தெரியாமல் குடித்த போத்தல், எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காக இருக்கும். இவ்வளவு காலத்தில் அது மணமற்ற கறுப்பு மண்ணாகியிருக்கும். கறுப்பு மண்ணைக் கண்டால் எங்களுக்கு வாயூறும். வேறு சொல் இல்லை.

என் மேலதிகாரி மிஸ் பென்ஹால். அகழ்வாய்வு உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது. உயரமானவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே தொப்பி. குரலை உயர்த்தவே மாட்டார். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போனாலும் இரண்டு கேள்விகள் கேட்பார். என்ன தெரியும்? என்ன தெரியாது? இரண்டாவது கேள்விக்கு நீளமான பதில் சொல்பவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். ஒருமுறை ஒரு துண்டைக் காட்டி, "இது ஒரு தேநீர்க் கோப்பை," என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரு கோப்பையின் காது. தேநீரை ஊற்றியது நீங்கள்," என்றார்.

எனக்குத் தேநீர் ஊற்றாமல் இருக்க முடியாது. அதற்குக் காரணம் என் பள்ளிக்கூடத்து நூலகம். மிஷன் பள்ளிக்கூடம். விக்டோரியா காலத்தில் கப்பலில் வந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் அங்கே அலுமாரி நிறைய இருந்தன. பொதுமக்களுக்கு அறிவியல் சொல்வதற்காகக் கனவான்கள் எழுதியவை. "அன்பான வாசகரே, என்னோடு வாருங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள். ஒரு செங்கல்லைக் காட்டுவார்கள், அடுத்த பக்கத்தில் ஒரு சாம்ராஜ்யம் எழும்பி நிற்கும். மதியச் சாப்பாட்டுக் கூடையோடும் குடையோடும் போய், சாப்பாட்டுக்கு முன் ஒரு புதைமேட்டையும் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்றையும் தோண்டிவிட்டு வருவார்கள். பத்தாம் வகுப்பில் நான் அவர்களில் ஒருவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன், குடை உட்பட.

இதை மிஸ் பென்ஹாலிடம் சொன்னபோது அவர், "அவர்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு சட்டித் துண்டுகளை எறிந்தார்கள். நான் அவர்கள் எறிந்ததைப் பொறுக்குகிறேன்," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆசையை நான் தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் தீர்த்துக்கொண்டேன். கடைகளில் இலவசமாக அடுக்கிவைக்கும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் 'மண்ணுக்குள் ஒரு மணித்தியாலம்' என்ற பத்தியை எழுதினேன். புனைபெயர் 'தோண்டி'. ஆசிரியர் குலம் அண்ணை எனக்குத் தந்த இடம் இரண்டு வீட்டுத் தரகர்களின் சிரித்த முகங்களுக்கு நடுவில். டைனோசர், எரிமலை, மம்மி என்று எழுதினேன். வேலையிடத்தைப் பற்றி எழுதவில்லை. எழுதக் கூடாது என்று மிஸ் பென்ஹால் முதல் நாளே சொல்லியிருந்தார். வாசகர்களும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. குலம் அண்ணை சொன்னார், "மாஸ்டர், உம்மட பத்தியை இப்ப ரெண்டு பேர்தான் வாசிக்கினம். ஒராள் நான், பிழை திருத்தவேணும் எண்டபடியால். மற்றாள் நீர்."

யூனியன்வில்லுக்கு வடக்கே, வரிசை வீடுகள் வரப்போகும் ஒரு வயலில் நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அது கிடைத்தது. அரிதட்டில் நின்றவர் நவ்ஷாத், மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம், என் பகிடித் துணை.

"மாஸ்டர், ஓடி வாங்க! உங்கட புள்ளையார் வந்திருக்கார்!"

ஓடினேன். சாம்பல் நிற உப்பு மெருகுச் சாடியின் உடைந்த துண்டு. அதில் நீலத் தூரிகையால் ஓர் எழுத்து. தலையில் ஒரு சுருள், வயிற்றில் ஒரு வளைவு, அடியில் வலப்பக்கமாக நீண்டு ஓடும் ஒரு கோடு. எங்கள் ஊரில் எந்தக் கடிதத்தின் தலையிலும் போடும் பிள்ளையார் சுழி. அச்சடித்ததுபோல் 'உ'.

"பாருங்க, வெள்ளைக்காரனும் சுழி போட்டுத்தான் ஊறுகாய் போட்டிருக்கான்," என்றார் நவ்ஷாத். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். அது பகிடி என்பது இருவருக்கும் தெரியும். சிறிது நேரத்தில் அதே குழியிலிருந்து, அதே நீல நிறத்தில், அதே கையால் எழுதிய 3 ஒன்றும் வந்தது. அன்று பின்னேரம் இரண்டையும் ஒரே கோப்பையில் போட்டுப் பல் துலக்கும் தூரிகையால் நானே கழுவினேன். மிஸ் பென்ஹால் எட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டு கலன் சாடி. மூன்று கலன் சாடி. உள்ளே என்ன வைத்தார்கள் என்று தெரியாது," என்றார். குயவர்கள் சாடியின் கொள்ளளவைக் கலன், அதாவது கேலன், கணக்கில் இப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

தெரிந்துகொண்டு, அந்த வாரம் நான் எழுதியது இது:

"அன்பான வாசகரே, என்னோடு வாருங்கள். யூனியன்வில்லுக்கு வடக்கே, பழைய சிவப்புக் களஞ்சியத்தின் அருகே, ஆழமான ஓர் இருண்ட குழி. விக்டோரியா மகாராணி அரியணையில் வீற்றிருக்கிறாள். ஆனால் இங்கே, இந்தப் பனி நிலத்தில், யாரோ ஒருவர் தூரிகையைத் தொட்டு, எந்தக் காரியத்தையும் தொடங்குமுன் நாம் இடும் அந்தச் சுழியை இடுகிறார். யார் அவர்? எந்தக் கப்பலில் வந்தார்?"

கேள்விக்குறி போட்டால் பொய் ஆகாது என்பது அந்தக் கனவான்களிடம் நான் கற்ற வித்தை. எழுதியதில் குற்றம் தேடினால் ஒரு சட்டத்தரணிக்கும் அகப்படாது. எழுதாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது. 3 ஐப் பற்றி எழுதவில்லை. அந்த ஆழமான இருண்ட குழி கக்கூஸ் குழி என்பதையும் எழுதவில்லை.

குலம் அண்ணை இரண்டு தரகர்களையும் தூக்கிவிட்டு முழுப்பக்கம் தந்தார். தலைப்பு அவருடையது: கனடா மண்ணில் கணபதி!

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனோம். வேலியின் கதவு திறந்து கிடந்தது. எங்கள் அளவுக் கட்டையின் அடியில் தேங்காய்ப் பாதிகள். குழியின் விளிம்பில் கற்பூரம் எரிந்த கறுப்பு. ஒரு செவ்வந்தி மாலை. குழியின் ஒரு பக்கத்துக் கறுப்பு மண் கரண்டி கரண்டியாக அள்ளப்பட்டிருந்தது. வார இறுதியில் சனம் வான் வண்டி பிடித்து வந்து மண் எடுத்துப்போயிருக்கிறது.

மிஸ் பென்ஹால் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு குனிந்து, தேங்காயை அளந்து, படம் எடுத்து, பையில் போட்டு, அதன்மேல் எழுதினார்: தேங்காய், அரைப்பகுதி, இரண்டு. அண்மைக் காலத்ததாக இருக்கக்கூடும்.

"என்ன தெரியும்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். இடம் வெளியே தெரிந்துவிட்டது. மண் போய்விட்டது. உரிமம் கொடுத்த மாகாண அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அதிகாரி வெள்ளிக்கிழமை வருவார். எடுத்த மண் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று தன்னால் அன்று கையெழுத்திட முடியாவிட்டால் உரிமம் போகும். உரிமம் போனால் இந்த வேலையும் போகும், இந்த வயதில் வேறு வேலையும் கிடையாது. இவ்வளவையும் அவர் வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

மதியம் எங்கள் வான் வண்டிக்குள் நவ்ஷாத் தன் சாப்பாட்டைத் திறக்காமலே இருந்தார். "மாஸ்டர், சொல்லிடுங்க."

"சொல்லுறன்."

"எப்ப? அந்தம்மா பென்சனுக்குப் போன பிறகோ?"

அன்று சொல்லவில்லை. அடுத்த நாள் காலை சொன்னேன். மிஸ் பென்ஹால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது. "எழுதும்போது எதை விட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"மூன்றை."

"வேறு?"

"கக்கூஸை."

"அப்படியானால் அந்த இரண்டையும் போய் அவர்களிடம் சொல்லுங்கள்."

புதன்கிழமை பின்னேரம் குலம் அண்ணை ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம் ஒழுங்கு செய்தார். நான் விளக்கம் சொல்லப்போகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் வானொலியில், புதிய ஆதாரங்கள் வெளியிடப்படும் என்று அறிவித்துவிட்டார். மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில், செருப்புகளை வெளியே விட்டுவிட்டு, களிமண் காய்ந்த காலுறைகளோடு மிஸ் பென்ஹால். மடியில் ஒரு முழுச் சாடி. வீட்டில் குடைகள் போட்டு வைத்திருப்பதாம். அதிலும் நீலத்தில் ஒரு 2.

நான் துண்டின் படத்தைத் திரையில் காட்டி, இது பிள்ளையார் சுழி அல்ல, இரண்டு என்ற எண், இரண்டு கலன் என்று பொருள் என்றேன்.

பின்னால் ஒருவர் எழுந்தார். "மாஸ்டர், பழைய தமிழ் எண்ணில ரெண்டை எப்பிடி எழுதிறது?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. பழைய தமிழ் இரண்டும் 'உ' மாதிரித்தான் இருக்கும்.

"சொல்லுங்கோவன்."

"'உ' மாதிரித்தான்," என்றேன்.

"கேட்டியளோ! இது தமிழ் ரெண்டு! குயவன் தமிழன்!"

கைதட்டல். பதறிப்போய் 3 இன் படத்தைப் போட்டேன். "இதையும் பாருங்கோ. இது அதே கையால எழுதின மூண்டு. தமிழ் மூண்டு இப்பிடி இராது. இது ஆங்கில எண்."

கைதட்டல் நின்றது. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது குலம் அண்ணையே மேடைக்கு ஓடிவந்து திரையில் கையை வைத்தார்.

"மாஸ்டர்! உது மூண்டில்லைக் காணும்! உது வடநாட்டு எழுத்தில ஓம்! வாலும் பொட்டும் உடைஞ்சுபோச்சு!"

கும்பிடாத கை இல்லை. மிஸ் பென்ஹால் என்னைப் பார்த்து, விளங்கிக்கொண்டார்களா என்று கண்ணால் கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அது ஓமும் அல்ல, இல்லையும் அல்ல.

அவர் எழுந்து, சாடியை மேடையில் வைத்து, இதில் இரண்டு கலன் திரவத்தை அளந்து ஊற்றுங்கள், எண் எதைக் குறிக்கிறது என்று தெரியும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். தண்ணீர் என்றுதான் சொன்னேன். ஆனால் கோயில் சமையலறையில் பால்தான் கைக்கெட்டியது. பையில் விற்கும் பாலை வெட்டி வெட்டி, இரண்டு கலன் அளந்து ஊற்றினார்கள். பால் சரியாகச் சாடியின் கழுத்தைத் தொட்டு நின்றது. அறிவியல் முறைப்படி அப்பழுக்கற்ற நிரூபணம். மண்டபம் முழுவதும் ஒரே குரலில், "அரோகரா!"

"என்ன சொல்கிறார்கள்?" என்று மிஸ் பென்ஹால் கேட்டார்.

"அளவு சரியாம்," என்றேன். அந்த நிலையிலும் ஒரு பொய்.

இன்னும் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைச் சொல்லாமலே திரையைச் சுருட்டப் பார்த்தேன். முன்வரிசையில் ஓர் அன்ரி, மண் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தவர், அன்பாகக் கேட்டார்: "தம்பி, குழி எண்டு எழுதினியள். என்ன குழி அது? தீர்த்தக் கிணறோ?"

"இல்லை அன்ரி."

"பிறகென்ன?"

"கக்கூஸ்."

மண்டபத்தில் எங்கோ ஒரு கைப்பேசி அடித்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

குலம் அண்ணையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "மாஸ்டர், நான் அதை நெத்தியில பூசினனான் காணும்."

"அது எப்பவோ மண்ணாப் போட்டுது அண்ணை. ஒரு தோசமும் இல்லை."

"பூசினது நானோ நீரோ?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். ஐயர் உள்ளே இருந்து வந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்து, கையை உயர்த்தினார். "எல்லாரும் வீட்ட போய் முதல்ல ஒருக்காத் தலைமுழுகித் தோய்ஞ்சிடுங்கோ. பிறகு ஆறுதலாக் கோவிக்கலாம்." பாலை என்ன செய்வதென்பதையும் அவரே பார்த்துக்கொண்டார்; மண்டபத்து வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மண் பொட்டலத்தை வாங்கியதும் அவர்தான். சிலர் அதை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார்கள். தீர்த்தக் கிணறு கேட்ட அன்ரி மட்டும் பொட்டலத்தைத் தந்துவிட்டு, "பாவம் தம்பி, நீங்களும் என்ன செய்யிறது, குழி குழிதானே," என்றார். ஏசியவர்களைவிட அவர்தான் என்னைச் சுட்டார்.

வியாழக்கிழமை மதியம்வரை பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன. வான் வண்டியில் போனவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். மிஸ் பென்ஹால் ஒவ்வொன்றையும் அரிதட்டில் போட்டு ஆட்டி, குங்குமத்தை வேறாக, பூவிதழை வேறாக, அரிசியை வேறாக எடுத்து வைத்தார். கடைசியில் ஒன்று குறைந்தது. வான் வண்டியில் வந்தவர்கள் சொன்ன பெயர்களில் ஒன்று பவளம்.

அவள் பக்கத்து வீட்டாரோடு எனக்குச் சொல்லாமல் போயிருக்கிறாள். கட்டுரை எழுதியவன் நான் என்பதில் அவளுக்குப் பெருமை. வீட்டுக்கு ஓடினேன். "அந்த மண் எங்கை?"

"கறிவேப்பிலைச் சாடிக்குள்ள போட்டிட்டன். சாமி மண் காலில படக்கூடாதெண்டு. பிறகு நீங்கள் கக்கூஸ் எண்டு சொன்னதும் இன்னும் நல்லதாப் போச்சு. பசளைதானே?"

ரொறன்ரோவில் கறிவேப்பிலை வளர்ப்பது என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கோடையில் வெளியே, குளிர்காலத்தில் வரவேற்பறையின் நல்ல ஜன்னலில், பிள்ளைகளுக்குக் கிடைக்காத கவனிப்போடு. அந்தக் கன்று என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அதைப் பிடுங்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "சரி, விடும்," என்று சொல்லிவிட்டு, கராஜில் இருந்த பூச்சாடி மண் மூட்டையிலிருந்து ஒரு பை நிரப்பி, அதைக் கொண்டுபோய் மிஸ் பென்ஹாலிடம் கொடுத்தேன். அவருடைய உரிமத்துக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் அதை அரிதட்டில் கொட்டி இரண்டு முறை ஆட்டினார். தட்டில் வெள்ளை வெள்ளையாகச் சிறு உருண்டைகள் நின்றன. கடை மண்ணில் ஈரம் தங்குவதற்காகக் கலக்கும் பெர்லைட். ஒன்றை விரலால் நசுக்கினார். அது நொறுங்கியது.

"என்ன தெரியும், மாஸ்டர்?"

"இது விக்டோரியா காலத்து மண் இல்லை."

"என்ன தெரியாது?"

கேட்டுவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார். "ஒரு பை மீட்கப்படவில்லை என்று எழுதுகிறேன். மேற்பார்வை என்னுடையது, பிழையும் என்னுடையது," என்றார். அவ்வளவுதான். என் பெயரைக்கூட எழுதப்போவதில்லை என்பது விளங்கியது. அவர் திரும்பி நின்று அடுத்த தட்டை எடுத்தபோது, இவ்வளவு வருடத்தில் முதல்முறையாக அவர் மண் போடாமல் வெறும் தட்டை ஆட்டுவதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தேன். பவளம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி நாளைக் காலை வருவதை, உரிமத்தை, அந்த மனுசியின் வயதை, பெர்லைட்டை. இந்த முறை எதையும் விடவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த மனுசியின்ர வேலை போகுமெண்டு ஏன் முதலே சொல்லேல்லை?"

"கன்றைப் பிடுங்கவேணுமே எண்டு..."

"என்னட்டைக் கேட்டனீங்களே? நீங்களே ஒரு கேள்வியைக் கேட்டு, நீங்களே எனக்குப் பதிலும் எழுதி, நீங்களே முடிச்சுப்போட்டியள். உங்களுக்கு உதுதானே தொழில்!"

சொல்லிக்கொண்டே ஜன்னலடிக்குப் போய், கன்றைத் தண்டோடு பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தாள். வேர்க்கட்டியை ஒரு பெரிய சோற்றுப் பானைக்குள் வைத்து உதறினாள், கறுப்பு மண் கொட்டியது. வேர் இடுக்குகளில் நின்றதைத் தன் விரலால் தோண்டி எடுத்தாள். ஒரு மண்ணும் மிச்சம் வைக்காமல் எடுக்கும் வேலையை எனக்கு யாரும் இவ்வளவு நன்றாகச் செய்து காட்டியதில்லை.

பானையை அவள் மடியில் வைத்துக்கொள்ள நான் காரை ஓட்டினேன். மிஸ் பென்ஹால் இன்னும் வேலையிடத்தில்தான் இருந்தார். பானையை வாங்கி அரிதட்டில் கொட்டினார். கறுப்பு மண் இறங்க, தட்டில் ஒரு சிறு எலும்புப் பொத்தான் நின்றது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பவளத்தைப் பார்த்து, "நன்றி," என்றார். பவளம் எனக்குத் தெரிந்த அளவு ஆங்கிலம் பேசமாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தெளிவாக, "மை ஹஸ்பண்ட் இஸ் எ ஃபூல், மேடம்," என்றாள். "அது தெரியும்," என்றார் மிஸ் பென்ஹால்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து எல்லாவற்றையும் வாசித்தார். தேங்காயை வாசித்தார். குங்குமத்தை வாசித்தார். கடைசிப் பையின் மேல், 'குழியின் மேல்மண், கறிவேப்பிலை வேர்களுடன் கலந்தது' என்றிருந்ததை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "கறிவேப்பிலை என்றால் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மிஸ் பென்ஹால், "எனக்குத் தெரியாது," என்றார், மிகுந்த திருப்தியோடு. உரிமம் தப்பியது. ஓர் எச்சரிக்கை மட்டும் அவருடைய கோப்பில் ஏறியது. அதுவரை அந்தக் கோப்பில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை. அந்த ஒன்று என்னுடையது.

பத்திரிகையில் முழு உண்மையையும் எழுதினேன். குலம் அண்ணை அதை மீண்டும் தரகர்களுக்கு நடுவில், சின்ன எழுத்தில் போட்டார். அதோடு 'தோண்டி' எழுதுவதை நிறுத்திவிட்டான். ஓய்வுபெறும்வரை அரிதட்டு ஆட்டினேன். இன்றைக்கும் என் மேசையில் எதையாவது எழுதினால், எழுதி முடித்ததும், எதை விட்டேன் என்று ஒருமுறை பார்க்கிறேன். பார்ப்பதால் மட்டும் பழைய பிழை சின்னதாகிவிடவில்லை.

கன்றைப் புது மண்ணில் நட்டோம். இலை ஒவ்வொன்றாகக் கொட்டி, முதல் பனிக்கு முன்பே பட்டுப்போனது. பவளம் இன்னொன்று வளர்க்கவில்லை. இப்போது அஜின்கோர்ட்டில் ஒரு கடையில்தான் கறிவேப்பிலை வாங்குகிறோம். அந்தச் சிறிய பையை எடுத்து, என் முகத்துக்கு முன்னால் ஒரு தரம் ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் அவள் கூடைக்குள் போடுவாள். நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போவேன்.